நோட்டுல 22-ஆம் நம்பர்

ஊருக்கு வர்ற நண்பர்கள் அடிக்கடி ஒண்ணு சொல்லுவாங்க. "கிராமத்து ஆளுங்களுக்கு எவ்வளவு பொறுமைய்யா! எங்க ஊர்ல சிக்னல்ல பச்சை விழறதுக்குள்ள பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிக்கிறான்." நானும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டி வைப்பேன். ஆனா அப்படி யாராவது சொல்லும்போதெல்லாம் படுதா போட்டு மூடின ஒரு நெல்லுக் குவியல் என் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கதையை இன்னிக்கு எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

சில வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மாசம். குறுவை அறுப்பு. குறுவையில உள்ள பெரிய சிக்கலே இதுதான். ஜூன்ல மேட்டூர் திறந்து, நாத்து விட்டு நட்ட பயிர் அறுப்புக்கு வர்ற நேரமும், வடகிழக்குப் பருவமழை இறங்குற நேரமும் ஒண்ணா வந்து நிக்கும். வயல்ல நின்னா சாஞ்சுடும். அறுத்துக் கொட்டினா நனைஞ்சுடும். அறுத்த நெல்லைச் சீக்கிரம் கொள்முதல் நிலையத்துல போட்டு ரசீது வாங்கினாத்தான் அன்னிக்குத் தூக்கம் வரும்.

அங்கே என்ன நடக்கும்னு டவுன்ல இருக்கறவங்களுக்குத் தெரியாது. நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டிட்டுக் காத்துக் கிடக்கணும். நம்ம முறை வந்ததும் ஒரு கை நெல்லை எடுத்து மெஷின்ல வச்சு ஈரப்பதம் பார்ப்பாங்க. 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும். மழை அதிகமான சில வருஷம் மத்திய அரசு அதைக் கொஞ்சம் தளர்த்தும். ஈரம் கூட இருந்தா திரும்பக் காய வைக்கணும். சரியா இருந்தா தூத்தி, 40 கிலோ சிப்பமாப் பிடிச்சு, எடை போட்டுத் தைப்பாங்க. சாக்கு தீர்ந்துட்டா நிறுத்திடுவாங்க. பிடிச்ச மூட்டையை ஏத்த லாரி வரலைன்னாலும் நிறுத்திடுவாங்க.

காய வைக்கிற சிமெண்ட் களம் நாலு பேருக்குத்தான் காணும். மிச்ச பேர் தார் ரோட்டுலதான் பரப்புவோம். நீங்க கார்ல வரும்போது பாதி ரோட்டை அடைச்சுக்கிட்டுக் கிடக்குற நெல்லு அதுதான். உங்க எரிச்சல்லயும் நியாயம் இருக்கு. ராத்திரியில ஓரத்துக்கு வச்ச கல்லை எடுக்காம விட்டுட்டு, பைக்ல வர்றவன் விழுந்து எந்திரிக்கிறது எங்க ஆளுங்க செய்யுற தப்புதான்.

எங்க பக்கத்து நிலையத்துல வரிசைக்குன்னு ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்துச்சு. அதிகாரிங்க போட்டது இல்லை, விவசாயிகளே போட்டது. நெல்லு கொட்டின அன்னிக்கு யார் எத்தனையாவதுன்னு எழுதிக்கணும். அந்த வருஷம் என் நம்பர் 23. எனக்கு முன்னாடி 22, பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருத்தர். அவருக்கு ஒரு ஏக்கர்தான். எனக்கு மூணு.

ஒன்பது நாள் ஒண்ணாக் கிடந்தோம். காலையில படுதாவை விலக்கிப் பரப்புறது, காலால துழாவி விடுறது, சாயங்காலம் கூட்டிக் குவிக்கிறது. அவர் பீடியை அணைச்சு அணைச்சு மூணு தடவையாப் பிடிப்பார். ராத்திரி ஆடு மாடு வந்து வாய் வச்சா என் குவியலுக்கும் சேர்த்து எழுந்து விரட்டுவார். நான் அவரைப் பெரியப்பான்னு கூப்பிடுவேன்.

நிலையத்துல இருந்தவர் யாரையும் மரியாதையாப் பேச மாட்டார். "யோவ், தள்ளி நில்லுய்யா." அப்பா வயசுக்காரருக்கும் அதே யோவ்தான். கார்ல வந்து இறங்கறவருக்கு மட்டும் "வாங்க சார், உட்காருங்க." அவர் எங்களை விரட்டுவார். நாங்க மூட்டை தூக்குறவங்க மேல எரிஞ்சு விழுவோம். நாள் முழுக்க முதுகு ஒடியத் தூக்கிட்டு, அவங்க யார்கிட்ட காட்டுவாங்களோ, வீட்டுல தான் காட்டியிருப்பாங்க. மேல்மடையில கலங்கின தண்ணி கடைமடை வரைக்கும் கலங்கித்தானே வரும்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் நாலு மணி. தெற்கால மேகம் கட்டிக்கிட்டு வந்துச்சு. 21-ஆம் நம்பரோட நெல்லு ஓடிக்கிட்டிருந்துது. பெரியவர் சைக்கிளை எடுத்தார். "தம்பி, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடுறேன். வீட்டுல ஆள் இல்லை. பார்த்துக்க." நான் சரின்னேன்.

அவர் போன கால் மணி நேரத்துல 21 முடிஞ்சுது. சாக்கை எண்ணிப் பார்த்தாங்க. 170 இருந்துச்சு. பெரியவருக்கு 60 சிப்பம் வரும், எனக்கு 165. கணக்கு எனக்குச் சட்டுனு ஓடிடுச்சு. அவருக்குப் போட்டுட்டா எனக்கு 110 தான் கிடைக்கும். மிச்சம் 55 சிப்பம் மழையில கிடக்கும். யாரோ ஒருத்தர் நெல்லு நனைஞ்சுதான் ஆகணும். நோட்டுப்படி அது என்னோடது.

"22 யாருய்யா?"

ரெண்டு நொடி பேசாம நின்னேன். அவர் நம்பர் என் போன்ல இருந்துச்சு. கூப்பிட்டிருந்தா பத்து நிமிஷத்துல வந்திருப்பார். "ஆள் இல்லைங்க. 23 நான் இருக்கேன்"னேன்.

பெரியவர் வரும்போது என் நெல்லு பாதி பிடிச்சாச்சு. தராசுப் பக்கத்துல வந்து நின்னார். சண்டைக்கு வருவார்னு நான் தயாரா இருந்தேன். வரலை. அதனாலயோ என்னவோ நானே சத்தம் போட்டேன். "கூப்பிடும்போது ஆள் இருக்க வேணாமா பெரியப்பா? உங்களுக்காக எத்தனை பேர் காத்துக் கிடப்பாங்க?" நிலையத்துக்காரர் எங்ககிட்ட பேசுற அதே தொனியில பேசினேன். அவர் "சரி தம்பி"ன்னு சொல்லிட்டுப் படுதாவை இழுத்து மூடப் போயிட்டார்.

அன்னிக்கு ராத்திரி பிடிச்ச மழை ரெண்டு நாள் விடலை. மேல படுதா இருந்தாலும் அடியில தண்ணி ஏறிடுச்சு. மூணாம் நாள் போய்ப் பார்த்தேன். குவியலோட அடி நெல்லு கையில எடுத்தா சுட்டுது, வெள்ளையா முளை விட்டிருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து நல்லதைத் தனியாப் பிரிச்சோம். பாதிக்கு மேல வியாபாரிகிட்ட கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார். பிரிக்கும்போது அவர் சொன்னார்: "தப்பு என்னோடதுதான் தம்பி. அந்த நேரம் நான் போயிருக்கக் கூடாது."

போன் பண்ணாம விட்டேன்னு நான் சொல்லலை. இன்னிக்கு வரைக்கும் சொல்லலை.

அதுக்கப்புறம் நிறைய யோசிச்சேன். பொறுமைங்கிறது பிறவியில வர்ற குணம், சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்படி இல்லைன்னு இப்பத் தோணுது. ஒன்பது நாள் நானும் பொறுமையாத்தான் கிடந்தேன். அந்த நோட்டு மேல நம்பிக்கை இருந்த வரைக்கும் அது கஷ்டமா இல்லை. நம்ம முறை நமக்கு வரும்னு தெரிஞ்சா எவனும் காத்திருப்பான். குறுக்க ஒருத்தன் பூந்துட்டான்னா அவனுக்குப் பின்னாடி நிக்கிற அத்தனை பேர் பொறுமையும் அன்னிக்கே போயிடும். நான் பூந்ததைப் பார்த்து மறுநாளே 27-ஆம் நம்பர்காரர் 25-ஐத் தள்ளப் பார்த்தார்னு கேள்விப்பட்டேன். டவுன்ல ஆஸ்பத்திரி டோக்கன்லயும் பஸ் படிக்கட்டுலயும் நடக்கறது இதுதானே. ஹாரன் அடிக்கிறவன் கெட்டவன் இல்லை. நம்ம முறை தானா வராதுன்னு பழகிப்போனவன்.

இன்னொண்ணும் சொல்லணும். பெரியவரோட பொறுமையைப் புகழ்ந்து எழுத எனக்குக் கை வரலை. அவர் சத்தம் போட்டிருந்தா அங்கே யார் கேட்டிருப்பாங்க? வழியில்லாம வாய் மூடிக்கிட்டு நிக்கிறதைப் பொறுமைன்னு சொல்லி நாம நிம்மதியாப் போயிடுறோம். மரியாதையை யார்கிட்டயாவது எதிர்பார்க்கணும்னா தராசைக் கையில வச்சிருக்கறவன்கிட்டதான் முதல்ல எதிர்பார்க்கணும். அன்னிக்குச் சாயங்காலம் அந்தத் தராசு கொஞ்ச நேரம் என் கையிலயும்தான் இருந்துச்சு.

அடுத்த வருஷம் நோட்டு போடுற வேலையை நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். பேருக்குப் பக்கத்துல போன் நம்பர் எழுதினோம். ஆள் இல்லைன்னா கூப்பிடணும், அரை மணி நேரம் பார்க்கணும், அப்புறம்தான் அடுத்தவர். பெரியவர் நம்பருக்குப் பக்கத்துல அவர் மகள் நம்பரையும் வாங்கி எழுதி வச்சேன்.

அந்த வருஷமும் அவர் முறை வந்தப்போ ஆளைக் காணோம். கூப்பிட்டேன். நாற்பது நிமிஷம் ஆச்சு. பின்னாடி நின்ன பையன் ஒருத்தன் வானத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தான். "கூட பத்து நிமிஷம்தானே தம்பி, டீ சாப்பிடு"ன்னு காசை நீட்டினேன். முறைச்சான், ஆனா வாங்கிக்கிட்டான். பெரியவர் சைக்கிளை மிதிச்சு வந்து சேர்ந்தார். அன்னிக்கு மழை வரலை. வந்திருந்தா நாங்க எல்லாரும் என்ன செஞ்சிருப்போமோ, அது எனக்குத் தெரியாது.