மரங்கள் நின்றுவிடும் இடம்

ஹிமாலயம் என்றதும் நம்மில் அநேகருக்குப் பனிச் சிகரங்களும் பத்ரிநாதர் சந்நிதியுமே நினைவுக்கு வரும். காட்டுக்கும் பனிக்கும் நடுவே மற்றோர் அற்புத உலகம் இருப்பதை யாத்திரை போய் வந்தவர்களிலும் பலர் கவனிப்பதில்லை. மலையேறிச் செல்லும்போது, சுமார் 12,000 அடி உயரத்தில் மரங்கள் நின்றுவிடுகின்றன. கடைசியாக நம்மை வழியனுப்புவது பூர்ஜ மரம். முற்காலத்தில் வடநாட்டுப் பண்டிதர்கள் அதன் பட்டையில்தான் சுவடி எழுதினார்கள். அதற்கு மேலே புல்லும் பூவும் பாசியும் பாறையுந்தான். வட துருவத்தை அடுத்த தூந்திரப் பிரதேசத்தில் ஒரு துண்டைப் பெயர்த்து மலைமேல் வைத்தாற்போல் இருக்கும். கர்வால் மக்கள் இத்தகைய புல்வெளியைப் 'புக்யால்' என்கிறார்கள்.

இவ்வுலகத்தைக் காண விரும்புகிறவர்கள் உத்தராகண்டில் சமோலி ஜில்லாவிலுள்ள புஷ்பப் பள்ளத்தாக்குக்குச் செல்லலாம். பத்ரிநாத் சாலையில் கோவிந்த்காட்டில் இறங்கி, புல்னா வரையில் மோட்டாரிலும் பிறகு கால்நடையாகவும் சென்றால் காங்கரியா வரும். ஹேமகுண்டம் போகும் சீக்கிய யாத்திரிகர்கள் தங்குவதும் இங்கேதான். அங்கிருந்து காலையில் புறப்பட்டுப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். உள்ளே இரவு தங்க அனுமதியில்லை. ஜூன் முதல் அக்டோபர் வரையில் திறந்திருந்தாலும், பூக்கள் நிறைந்திருப்பது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான். அதுவே மழைக்காலம். நனையச் சம்மதிப்பவர்களுக்கே மலர்க் காட்சி!

வருஷத்தில் பாதிக்கு மேல் இந்நிலம் பனியின்கீழ் உறங்குகிறது. முளைப்பது, பூப்பது, விதையிடுவது எல்லாம் மூன்று நான்கு மாதங்களுக்குள் முடிந்தாக வேண்டும். தலைநிமிர்ந்தால் காற்று முறித்துவிடும் என்று பல செடிகள் தரையோடு படிந்து வளர்கின்றன. சில, உடல் முழுவதும் கம்பளிபோல் ரோமம் போர்த்திருக்கின்றன. பிரம்ம கமலமோ, வெளிறிய மெல்லிய இலை மடல்களைக் கண்ணாடி வீடுபோல் குவித்து, உள்ளிருக்கும் ஊதா மலர்க்கொத்தைக் குளிரிலிருந்து காக்கிறது. நம் வீட்டுத் தொட்டிகளில் இரவில் மலர்ந்து அண்டை அயலாரை அழைக்கச் செய்யும் 'பிரம்ம கமலம்' வேறு. அது மெக்ஸிகோ முதலிய தேசங்களிலிருந்து வந்த கள்ளி ஜாதி. ஹிமாலயத்துப் பூவோ சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஜந்துக்களும் குறைவில்லை. கொம்பில்லாத கஸ்தூரி மான், வானவில்லை உடுத்த மோனால் பறவை, வாலில்லாத குட்டி முயல் போன்ற பீக்கா, பாறை நிறத்துக் காட்டாடுகள், அவற்றைத் தேடிவரும் பனிச் சிறுத்தை ஆகிய யாவும் இங்கே உண்டு. பொறுமையாய்க் காத்திருப்பவர்கள் சிலவற்றைக் காணலாம்.

1931-ல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் முதலிய ஆங்கிலேயர்கள் இப்பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். 1938-ல் ஸ்மைத் வெளியிட்ட நூலால் இதன் புகழ் உலகெங்கும் பரவியது. ஆனால் பியுந்தார் கிராமத்தாருக்கு இது புதிதா என்ன? அவர்களுடைய ஆடுகள் கோடைதோறும் மேய்ந்த நிலம் அல்லவா! 1982-ல் இது தேசியப் பூங்காவாயிற்று, மேய்ச்சலும் நிறுத்தப்பட்டது. பிறகு ஆளுயரம் வளரும் ஒருவகைக் களை பரவிச் சிறு பூச்செடிகளை மறைக்கலாயிற்று. ஆடுகள் போனதால்தான் களை மிகுந்தது என்பார் சிலர். அறிஞர்களில் வேறு சிலர் அதை மறுக்கிறார்கள். வாதம் ஒருபுறமிருக்க, வனத்துறையார் ஆட்களை வைத்துக் களை பிடுங்குகிறார்கள்.

ஆடுகள் நின்றன, மனிதர் வருகை பெருகிற்று. 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமென்ற கௌரவமும் சேர்ந்தது. யாத்திரிகர்களால் அங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்குப் பிழைப்புக் கிடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் இந்நிலத்தின் மண் மெல்லியது. பாதை விட்டு விலகி நடந்தவர்கள் மிதித்த செடி மீண்டும் தழைக்கப் பல வருஷங்கள் ஆகலாம். உலகம் வெப்பமடைய வெப்பமடைய, குளிரை நாடும் செடிகள் மேலே மேலே ஏறுகின்றன. சிகரம் முடிந்துவிட்டால் அவை எங்கே போகும்?

ஆகவே, புறப்படும் அன்பர்கள் பாதையை விட்டு இறங்க வேண்டாம். கொண்டுபோன காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். குழந்தைகள் ஒரு பூவைப் பறிக்க ஆசைப்பட்டால், அந்தப் பூவுக்குக் கோடை எத்தனை குறுகியது என்பதை அங்கேயே உட்கார்ந்து எடுத்துச் சொல்லுங்கள்.