முப்பது இரவுகள்

முதல் சொத்து வாங்குகிறவர்களின் ஆசை தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. என் தகப்பனாருக்கு இரண்டு மா நிலம் போதும். எங்களுக்குத் தாம்பரத்துக்கு அப்பால் அரை கிரவுண்டு மனை. இப்போதைய பிள்ளைகளுக்கோ, தாங்கள் ஒரு நாளும் குடியிருக்கப் போகாத மலைவீடு! இரண்டு நாளைக்கு ஒரு குடும்பம் வரும், குளிரை அனுபவிக்கும், பணத்தைக் கட்டிவிட்டுப் போகும். எல்லாம் கைப்பேசியிலேயே நடந்துவிடுமாம்.

இந்த வியாபாரம் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். 2007இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் இரண்டு இளைஞர்கள் வாடகை கொடுக்க வழியில்லாமல், ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களுக்குத் தங்கள் ஜாகையிலேயே காற்று மெத்தைகளைப் போட்டு, தலைக்கு 80 டாலர் வாங்கினார்கள். அதுதான் பின்னால் ஏர்பிஎன்பி ஆயிற்று. ஒன்றைக் கவனியுங்கள்: கடன் வாங்கி வீடு வாங்கிவிட்டு அவர்கள் ஆரம்பிக்கவில்லை. இருந்த தரையை வாடகைக்கு விட்டார்கள். விருந்தாளிகளோடு அதே கூரையின் கீழ் தாங்களும் இருந்தார்கள்.

என் தமக்கை மகன் கொடைக்கானலில் வாங்க நினைப்பது வேறு ரகம். அவனுக்கு வேலை சென்னையில். முன்பணம், முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற அவன் தாயாரின் கைப்பணம். பாக்கிக்குப் பாங்கிக் கடன். தாளில் கணக்குப் போட்டு எடுத்து வந்தான். ஓர் இரவுக்கு 4,000 ரூபாய்; மாதம் 30 இரவு; ஆக 1,20,000. தவணை 45,000 போக மிச்சமெல்லாம் லாபம். கதை எழுதுகிறவனுக்குக்கூட இவ்வளவு துணிச்சல் வராது.

அந்த முப்பது இரவுகளையும் நாங்கள் உட்கார்ந்து எண்ணினோம். ஏப்ரலிலும் மேயிலும் ஊர் நிரம்பி வழியும், சரி. ஆனால் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர்க் கார்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 6,000 என்று எண்ணிக்கையையே கட்டிவிட்டார்கள். (மலைக்கு அது நல்லது என்பது என் கட்சி.) பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் வெள்ளி இரவும் சனி இரவும்தான். நவம்பர் மழையில் அதுவும் சந்தேகம். 2018இல் கஜா புயல் மலையையும் விட்டுவைக்கவில்லை. 2020 ஊரடங்கில் மாதக் கணக்காக ஒருவரும் ஏறவில்லை. தவணையை ஒத்திப்போட்டார்களே ஒழிய வட்டி நிற்கவில்லை.

சராசரியாகப் பன்னிரண்டு இரவு தேறியது. 48,000 ரூபாய். அதில் கமிஷன், காவல்காரர் சம்பளம், லாரித் தண்ணீர், மின்சாரம். அப்புறம் படுக்கை விரிப்புகள். இவற்றை யாரும் கணக்கில் எழுதுவதே இல்லை. ஒவ்வொரு குடும்பமும் போனதும் துவைத்தாக வேண்டும். மூடுபனியில் மூன்று நாள் தொங்கினாலும் ஈரம் போகாது. ராத்திரி பதினோரு மணிக்கு வெந்நீர் வரவில்லை என்று எவரோ சென்னைக்குப் போன் செய்வார். அவன் வாங்கப் போவது வீடு அல்ல, ஒரு சின்னச் சத்திரம். அதற்கு மணியக்காரன் அவனே.

“அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா, மாமா?”

நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த ஊரில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியர் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட்டால் தவணையில் எவ்வளவு வரும், மீதியை அம்மாவின் பென்ஷனைத் தொடாமல் கட்ட முடியுமா என்று கேட்டேன். கட்டட அனுமதி வீட்டுக்கா, விடுதிக்கா என்றும் கேட்டேன். அனுமதி மீறிய கட்டடங்களுக்கு அங்கே ‘சீல்’ விழுந்த செய்தி அவனுக்கும் தெரியும். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான்.

அதுவரை வாய் திறவாமல் இருந்த தமக்கை, “மழையிலே ஒரு தரம் போய் இருந்து பார்த்துவிட்டு வருவோமே” என்றாள். நவம்பரில் மூன்று நாளைக்கு, அதே தெருவில் ஒரு வீடு பேசியிருக்கிறோம். பாதி வாடகைதான் கேட்கிறார்கள்.