பொண்டியில் ஒரு இரத்தப் பரிசோதனைக்கூடம்

பாரிஸின் புறநகரான பொண்டியின் இரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது, நான் ஸ்ராஜ் என்ற தொழிற்பயிற்சி செய்த லபோ, அதாவது பரிசோதனைக்கூடம். காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும். அதற்கு முன்பே வாசலில் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். மாலி, அல்ஜீரியா, ஹெயிட்டி என்று பல நாட்டவர். அவர்களுக்குள் எங்கட தமிழ்ச் சனமும் கட்டாயம் இருக்கும். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கடை வைத்திருப்பவர்கள், றெஸ்ரோறன்ற் குசினியில் நிற்பவர்கள், இரவு முழுக்கத் துப்பரவு வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நேரே வருபவர்கள். பொண்டியில் ஈ வழி இரயில் ஏறி மஜென்ராவில் இறங்கினால் லா சப்பல் நடைதூரம்தான். அதனால் இரத்தம் கொடுத்த கையில் பஞ்சை அழுத்தியபடியே வேலைக்கு ஓடுகிறவர்களைத் தினமும் கண்டேன்.

நான் படிப்பது மருத்துவ உயிரியலில் பெ.தே.எஸ். பக் என்ற உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு இரண்டு வருடப் படிப்பு. லபோவில் ஸ்ராஜ் செய்யாமல் அந்த டிப்ளோம் கிடையாது.

ஒரு பக்கத்தால் இரத்தத்தை விட்டால் மறுபக்கத்தால் முடிவைத் தள்ளும் மெசின்தான் லபோ என்று பலர் நினைக்கிறார்கள். மெசின் கெட்டித்தனமானதுதான். ஆனால் தன்னிடம் வந்த இரத்தம் எப்படி எடுக்கப்பட்டது, எவ்வளவு நேரம் மேசையில் கிடந்தது என்பதெல்லாம் பெரும்பாலும் அதற்குத் தெரியாது. பழுதான இரத்தத்துக்கும் அது அச்சொட்டாக ஒரு இலக்கத்தைச் சொல்லிவிடும். பரிசோதனையில் நேரும் பிழைகளில் பெரும்பங்கு, இரத்தம் மெசினுக்குள் போவதற்கு முன்னமே நடந்துவிடுகிறது. அந்த முன்கட்டத்தைக் காப்பது மனிதர்களின் கை. நான் பார்க்க ஆசைப்பட்டதும் அந்தக் கைகளைத்தான்.

எங்கள் லபோவில் இரத்தம் எடுக்கும் தாதி குவாதலூப் தீவைச் சேர்ந்தவர். தனிச் சான்றிதழ் இல்லாத மாணவர்கள் ஊசியைத் தொட முடியாது என்பதால் பக்கத்தில் நின்று ரியூப்களை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அவர் கையைப் பார்த்து நாளத்தைத் தேடுவதில்லை. சுட்டுவிரல் நுனியால் முழங்கையின் உள்பக்கத்தை மெல்ல அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துவார். நாளம் விரலுக்குக் கீழே துள்ளி எழும்பும் இடத்தில்தான் ஊசி போகும். பேசிக்கொண்டே குத்துவார், பாதிப் பேருக்குக் குத்தியதே தெரியாது.

ரியூப்களின் மூடி நிறங்கள் அழகுக்காக இல்லை. நீல மூடிக்குள் சிற்றேற்று இருக்கிறது. இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்க அது. ஊதா மூடிக்குள் ஈ.டி.ரி.ஏ.; குழியங்களை எண்ண அது. சாம்பல் மூடிக்குள் புளோரைட்டு, சீனிக்கு. நீலம் முதலில், சீரத்துக்கான மஞ்சள் அல்லது சிவப்பு அடுத்து, பிறகு பச்சை, ஊதா, கடைசியாகச் சாம்பல். இந்த ஒழுங்கை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. ஊதா ரியூப்பில் இருப்பது பொற்றாசியம் கலந்த உப்பு. அது அடுத்த ரியூப்புக்குத் தொற்றினால் சுகமாக இருக்கும் மனிதருக்கு இதயம் நின்றுவிடும் அளவுக்குப் பொற்றாசியம் ஏறியதாக முடிவு வரலாம்; கல்சியம் இறங்கிக் காட்டும். நீல ரியூப்பிலோ ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிற்றேற்று என்பது கணக்கு. கோடு வரை இரத்தம் நிரம்பாவிட்டால் அதை எறிந்துவிட்டு மறுபடி எடுக்கவேண்டும்.

ஒருநாள் காலை எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். பிரெஞ்சு தெரியாது. கதிரையில் இருந்ததுமே கையைப் பொத்துவதும் விரிப்பதுமாக இருந்தார். தாதி என்னைப் பார்த்தார்.

“அம்மா, கையைப் பொத்திப் பொத்தி விரிக்காதேங்கோ. சும்மா வச்சிருங்கோ.”

“ஏன் பிள்ளை? ஊரிலை பொத்தச் சொல்லித்தானே சொல்லுறவை?”

“அப்பிடிச் செய்தால் தசையிலை இருக்கிற பொற்றாசியம் ரத்தத்துக்கை வந்திடும் அம்மா. இல்லாத வருத்தத்தை இருக்கெண்டு காட்டும்.”

அவர் கையைத் தளர்த்தினார். ஐந்து ரியூப்களை அடுக்கி வைத்ததைப் பார்த்து, “இவ்வளவு ரத்தத்தையும் எடுத்தால் நான் என்னெண்டு நடக்கிறது?” என்று கேட்டார். ஐந்தும் சேர்ந்தால் இருபது மில்லிலீற்றர் அளவில்தான் வரும். உடம்பில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் ஓடுகிறது. அதைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. அன்றைக்கு நான் படித்த படிப்பும் என் தாய்மொழியும் ஒரே மேசையில் உதவின.

எடுத்த இரத்தம் பொண்டியில் தங்குவதில்லை. 2010 ஜனவரியில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பிரான்சின் மருத்துவ லபோக்கள் எல்லாம் ஐ.எஸ்.ஓ. 15189 என்ற தரநிர்ணயத்தின்படி அங்கீகாரம் பெறவேண்டியதாயிற்று. தனியாக நின்ற சிறு லபோக்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. அவை பெரிய குழுமங்களுக்குள் சேர்ந்தன. இன்று தெருவோர லபோ இரத்தம் எடுக்கிறது; பெரும்பகுதிப் பரிசோதனை வேறோர் ஊரில் இருக்கும் மையத்தில் நடக்கிறது. இதனால் தரம் ஒரே சீரானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோயாளியின் முகத்தைக் கண்டவர் ஒருவர், இரத்தத்தைக் கண்டவர் இன்னொருவர் என்று ஆகிவிட்டது. அது எனக்கு இழப்பாகவே படுகிறது.

இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறவர்கள் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் சாரதிகள். எங்களிடம் வந்த சாரதி ஒரு தமிழ் அண்ணை, கிளிநொச்சிக்காரர். அவருடைய வானில் குளிர்ப்பெட்டி வேறு, சாதாரண வெப்பத்தில் வைக்கும் பெட்டி வேறு. இரண்டிலும் வெப்பநிலையைப் பதியும் கருவி உண்டு. பிரிக்காத இரத்தத்தைக் குளிரில் வைத்தால் செங்குழியங்களிலிருந்து பொற்றாசியம் கசியும். வெளியே கிடந்தால் குழியங்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு மணித்தியாலத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்துவிடலாம். அந்த அண்ணைக்கு இந்த இரசாயனம் யாரும் படிப்பிக்கவில்லை. ஆனால் நேரம் பிந்தினால் யாரோ ஒருவரின் முடிவு கெடும் என்பது அவருக்குத் தெரியும். மழையில் நனைந்தாலும் பெட்டியின் மூடியைச் சரிபார்க்காமல் அவர் கதவைச் சாத்தியதில்லை.

ஸ்ராஜின் பிற்பகுதியில் மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ரியூப்கள் பட்டியில் தாமாக ஓடுகின்றன. கருவிகள் எடுத்து உறிஞ்சி அளக்கின்றன. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நான் அதிகநேரம் நின்றது மூலையில் இருந்த நுணுக்குக்காட்டிகளின் பக்கம். அங்கே வேலை செய்த தொழில்நுட்பப் பெண்மணி ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மெசின் சந்தேகப்பட்ட இரத்தமெல்லாம் அவரிடம்தான் வரும்.

கண்ணாடித் தகட்டில் ஒரு சிறு துளி. இன்னொரு தகட்டைச் சாய்த்துப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துத் துளியைத் தொடுவார். துளி விளிம்பு முழுக்கப் பரவும்வரை ஒரு கணம் பொறுப்பார். பிறகு நிறுத்தாமல் ஒரே தள்ளு. கை நடுங்கினால் வரி விழும். மெதுவாகத் தள்ளினால் வெண்குழியங்கள் எல்லாம் வால்பக்கம் ஒதுங்கிவிடும். காய்ந்த தகட்டுக்கு முதலில் மே-குறுன்வால்ட் சாயம், பிறகு ஐதாக்கிய கீம்சா. கழுவிக் காயவிட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தால் இளஞ்சிவப்புச் செங்குழியங்களும் ஊதாக் கரு கொண்ட வெண்குழியங்களும் தெளியும்.

மேற்கு ஆபிரிக்காவில் விடுமுறையைக் கழித்துவிட்டுக் காய்ச்சலோடு திரும்பிய ஒருவரின் தகட்டை அவர் எனக்குக் காட்டினார். ஒரு செங்குழியத்தின் ஓரத்தில் மெல்லிய நீல மோதிரம். பக்கத்துக் குழியத்துக்குள் இரண்டு மோதிரங்கள். பல்சிபாரம் மலேரியா. 1880இல் அல்ஜீரியாவின் கொன்ஸ்தன்ரீனில் இருந்த பிரெஞ்சு இராணுவ வைத்தியர் அல்போன்ஸ் லவெரான் இந்த ஒட்டுண்ணியை முதலில் கண்டார். 1907இல் நோபல் பரிசு பெற்றார். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016இல். வன்னியில் இருந்த காலத்தில் மலேரியா வந்து நடுங்கிக் கிடந்ததை அம்மா பல தடவை சொல்லியிருக்கிறா. அவவை நடுங்கவைத்ததும் இந்த ஒட்டுண்ணிக் குடும்பம்தான். அதைப் பாரிஸின் புறநகரில் கண்ணால் கண்டேன். அந்தப் பெண்மணி அதற்குள் உயிரியல் மருத்துவருக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்துவிட்டார். இப்படிப்பட்ட முடிவு கடுதாசியில் போகும்வரை காத்திருப்பதில்லை. மருத்துவராகவோ மருந்தாளராகவோ படித்து, அதற்குமேல் நான்கு வருடம் பயின்ற உயிரியல் மருத்துவர் சரிபார்த்து, சிகிச்சை தரும் வைத்தியரை உடனே அழைத்துச் சொல்கிறார்.

எங்கட சனத்தின் முடிவுகளில் நான் அடிக்கடி கண்டது சீனி. இதில் ஒரு விசயத்தை எல்லோரும் அறியவேண்டும். ஊரில் 126, 180 என்று சொல்லும் அளவு இங்கே 1.26, 1.80 என்று வரும். ஊரில் டெசிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறார்கள். இங்கே லீற்றருக்கு எத்தனை கிராம் என்று எழுதுகிறார்கள். “ஒண்டு எண்பதுதானே தம்பி, குறைவுதான்” என்று ஒரு ஐயா வரவேற்பு மேசையில் சிரித்துக்கொண்டு சொன்னார். அது வெறும் வயிற்றில் எடுத்த அளவு. நூறால் பெருக்கிப் பாருங்கள் என்று பக்கத்தில் நின்ற மகனிடம் சொன்னேன். வெறும் வயிற்றில் 1.26ஐ இரண்டு தடவை எட்டினாலே நீரிழிவு.

லபோவுக்கு வரும்போது வைத்தியர் தந்த துண்டையும் ‘வித்தால் காட்’ என்ற மருத்துவக் காப்புறுதி அட்டையையும் கொண்டுவாருங்கள். குடிக்கும் மருந்துகளின் பெயரையும் சொல்லுங்கள். விடியக் காலை ஒரு வாய் பால்தேத்தண்ணி குடித்திருந்தால் மறைக்கவேண்டாம். குடித்தேன் என்றே சொல்லுங்கள். யாரும் ஏசமாட்டார்கள். மறைத்தால் அத்தனை கைகள் காத்த இலக்கமும் பிழையாகிவிடும். வீட்டில் பக் எழுதும் பிள்ளை இருந்தால் டொக்டர், எஞ்சினியர் என்ற இரண்டோடு நிறுத்தாமல், இந்தப் படிப்பையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். பொண்டியில் தமிழ் தெரிந்த கைகளுக்கு வேலை இருக்கிறது.