விர்ச்சுவல் மெஷினும் அடைக்காத மடையும்

குமராட்சிப் பக்கம் வயலுக்கு வயல் வரப்பு உண்டு. எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும், மடையை அடைக்காமல் விட்டால் பக்கத்து வயல் தண்ணீர் உள்ளே வந்துவிடும். விர்ச்சுவல் மெஷின் கதையும் அதேதான்.

அந்த ஊர் உரக்கடைக்குக் கணக்கு எழுதித் தரும் பி.காம் மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். கண்டவர்கள் அனுப்பும் எக்செல் ஃபைல்களை நேரடியாகத் திறக்கப் பயம். அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, உள்ளே இன்னொரு விண்டோஸை ஓட்டி, அதில்தான் திறக்கிறான். புத்திசாலிதான்! ஆனால் 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண்ணை ஒவ்வொரு தடவையும் டைப் செய்யச் சோம்பல். விர்ச்சுவல்பாக்ஸ் சாதாரணமாக மூடியே வைத்திருக்கும் 'ஷேர்டு கிளிப்போர்டை' இரண்டு பக்கமும் திறந்துவிட்டான்.

அப்புறம் ஒருநாள், முதலாளியின் நெட் பேங்கிங் பாஸ்வேர்டை வெளியே காப்பி செய்கிறான். பேஸ்ட் செய்வதும் வெளியே உள்ள பிரவுசரில்தான். ஆனாலும் உள்ளே ஓடும் எந்த புரோகிராமும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள முடியும். அங்கே பேஸ்ட் செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. எதிர்ப்பக்கமும் அப்படியே. உள்ளே இருக்கும் வைரஸ் கிளிப்போர்டில் வேறு அக்கவுண்ட் நம்பரை வைத்தால், வெளியே பேஸ்ட் ஆவது அந்த நம்பர்தான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2019-ல் செக் பாயின்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் இயால் இட்கின், மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஓர் ஓட்டையைக் காட்டினார். எதிர்முனையிலிருந்து ஒரு ஃபைலைக் காப்பி செய்து இங்கே பேஸ்ட் செய்தால், கூடவே வேறு ஃபைல்களும் ஸ்டார்ட்அப் ஃபோல்டர் வரை சத்தமில்லாமல் வந்து உட்காரலாம். மைக்ரோசாஃப்டின் விர்ச்சுவல் மெஷினான ஹைப்பர்-வியிலும் இதே வழி வேலை செய்தது. 2019 ஜூலையில் அடைத்தார்கள். அடைப்பு சரியில்லை என்று 2020 பிப்ரவரியில் மறுபடி அடைத்தார்கள்.

கியூப்ஸ் என்ற இயங்குதளம் வேறு வழியில் போகிறது. ஒரு மெஷினில் காப்பி செய்தது அடுத்த மெஷினுக்குத் தானாகப் போகாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், சி; பிறகு அங்கே போய் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி. கொஞ்சம் தொல்லைதான். ஆனால் மடையைத் திறப்பது மனுஷன் கை.

விண்டோஸ் சாண்ட்பாக்ஸில் கிளிப்போர்டு தானாகவே திறந்திருக்கும். நாம்தான் மூட வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் வேலை முடிந்ததும் 'டிஸேபிள்டு' என்று மாற்றினால் போதும், அரை நிமிஷ வேலை.

உரக்கடைக்காரர் பாஸ்வேர்டைக் கொடுத்தது அந்தப் பையனை நம்பித்தான். அவன் திறந்து வைத்த மடையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?