குடத்தில் தெளிந்த தண்ணீர் தொட்டியில் தெளியவில்லை, ஏன்?

பண்ருட்டிப் பக்கம், பலாவும் முந்திரியும் நிற்கும் செம்மண் பூமி. அங்கே ஒன்றரை ஏக்கரில் கத்தரி வைத்திருந்தார் ஒரு விவசாயி. சொட்டுநீர்க் குழாய் மானியத்தில் வந்தது. தண்ணீர்த் தொட்டி மட்டும் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டியது.

மூன்றாவது மாதமே கடைசி வரிசைச் செடிகள் மத்தியான வெயிலில் துவண்டன. குழாயின் கடைசி மூடியைத் திறந்தால் செம்பழுப்பில் வழவழவென்று சேறு. ஆனால், ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் அவ்வளவாக அழுக்கு இல்லை.

"குழாயையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு வாய்க்கா வெட்டிப் பாய்ச்சிடலாம்" என்றார் அவர். வாய்க்காலில் விடும் அளவுக்கு போர்வெல்லில் தண்ணீர் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

அப்போது மனைவி கேட்டார்: "என்னங்க, இதே தண்ணியத்தான் வீட்டுல குடத்துல பிடிச்சு வெக்கிறேன். ரெண்டு நாள்ல துரு அடியில உக்காந்து மேல தெளிஞ்சுடுது. தொட்டியில மட்டும் ஏன் டீத்தண்ணி மாதிரியே நிக்குது?"

அந்தக் கேள்வியில்தான் விடை இருந்தது.

நிலத்துக்கு அடியில் காற்று படாததால், இரும்பு தண்ணீரில் கரைந்தே இருக்கும். அதனால் போர்வெல்லில் இருந்து வரும்போது தண்ணீர் தெளிவாகத் தெரியும். காற்றுப் பட்டதும் அந்த இரும்பு துருவாக மாறும். முதலில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள். பிறகு ஒன்றோடு ஒன்று ஒட்டி, திரளாகி, கனம் கூடி அடியில் படியும். குடத்தில் நடந்தது இதுதான்.

தொட்டியோ புளியமரத்தடியில் இருந்தது. இலையும் பூவும் உதிர்ந்து அதிலேயே ஊறின. போதாததற்கு, சொட்டுநீரில் விடுவதற்காக ஜீவாமிர்தத்தையும் ஹியூமிக் கரைசலையும் அதே தொட்டியில்தான் கலந்து வந்தார். இலைதழையும் சாணமும் மட்கும்போது வரும் பழுப்புச் சாறு, துருத் துகள்களின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். அந்தச் சாற்றுக்கு எதிர்மின் குணம் உண்டு. பூச்சு ஏறிய துகள்கள் எல்லாம் ஒரே குணம் பெற்று, காந்தத்தின் ஒரே முனைகள் போல ஒன்றையொன்று தள்ளும். ஒட்டாத துகள் திரளாது. திரளாத துகள் படியாது. ஃபில்டர் வலையின் கண்ணைவிடப் பொடியாக இருப்பதால் சுலபமாக உள்ளே நுழைந்துவிடும்.

குழாய்க்குள் போன பிறகு கதை மாறும். வரிசைக் கடைசியில் ஓட்டம் குறைவு. கால்சியம் நைட்ரேட் போன்ற உரம் விட்டால், அதிலுள்ள கால்சியம் பூச்சு ஏறிய துகள்களையும் இணைத்துத் திரள வைத்துவிடும். இரும்பைத் தின்று வளரும் பாக்டீரியாவின் வழவழப்பில் மீதியும் ஒட்டிக்கொள்ளும். ஆற்றுநீர் கடலில் சேரும் கழிமுகத்திலும் இதே சங்கதிதான். மட்குச்சாறு சுமந்து வந்த இரும்பை உப்புநீர் திரள வைத்துப் படிய விடுகிறது.

நம்பிக்கை வருவதற்கு இரண்டு கண்ணாடி பாட்டில் போதும். ஒன்றில் போர்வெல் தண்ணீர், இன்னொன்றில் தொட்டித் தண்ணீர், இரண்டிலும் முக்கால் அளவு. மூடி, நன்றாகக் குலுக்கி, இரண்டு நாள் அசைக்காமல் வைக்க வேண்டும். அந்த வீட்டுத் திண்ணையில் வைத்தபோது, முதல் பாட்டிலின் அடியில் துரு படிந்து மேலே தெளிந்தது. இரண்டாவது அப்படியே கலங்கி நின்றது.

தொட்டியை இடிக்கவில்லை. இறைத்துக் கழுவி, மேலே நிழல்வலை கட்டினார்கள். ஹாலோபிளாக் வைத்துக் குறுக்கே தடுத்து இரண்டு அறையாக்கினார்கள். போர்வெல் குழாயின் வாயில் துளையிட்ட பைப்பை மாட்டியதால், தண்ணீர் உயரத்திலிருந்து பூவாளி போலக் காற்றுப் பட விழுகிறது. சாயங்காலம் நிரப்பினால் முதல் அறையில் இரவெல்லாம் படியும். மேல் தண்ணீர் மட்டும் இரண்டாவது அறைக்குப் போய், மணல் ஃபில்டர் வழியாகக் குழாயில் ஏறும். ஜீவாமிர்தத்துக்குத் தனி டிரம்; வடிகட்டி, செடியின் தூரில் கையால் ஊற்றுகிறார்கள். பழைய குழாயில் கடைசி வரிசைகள் தேறவில்லை; மாற்ற வேண்டியதாயிற்று.

சொட்டுநீர் போடும் முன்பே தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தால் அந்தச் செலவும் மிஞ்சியிருக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் அடைப்பு வரும் அபாயம் மிக அதிகம். தண்ணீரைப் படிய வைக்காமல் குழாயில் விடக் கூடாது.

இதைக் கேட்டு மட்கின் மேல் சந்தேகப்பட வேண்டாம். இரும்பைப் பிடித்துக்கொண்டு படியவிடாத அதே குணம்தான், மண்ணில் இரும்புச்சத்தை வேர் எடுக்கும் நிலையில் வைத்திருக்கிறது. மட்கு இருக்க வேண்டிய இடம் மண், தொட்டி அல்ல.

அடுத்த பருவக் கத்தரியில் சங்கிலி இன்னும் மீளவில்லை; வட்டி மட்டும் கட்டினார்கள். கடைசி வரிசைச் செடிகள் துவளவில்லை. தினமும் காலையில் முதல் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வால்வைத் திறப்பது இப்போது அந்த அம்மாவின் வேலை. தெளியாத நாளில், அவர் சொல்லும்வரை மோட்டார் ஓடாது.