யாருடைய நோட்டு அது?



"ரிட்டயர்டு ஆன பிறகு பொழுது எப்படிப் போகுது டீச்சர்?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். சொல்கிறேன், யாரும் சிரிக்கக் கூடாது. ஒரு வாரமாகப் பழைய ராப் பாட்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

80களில் எங்கள் அண்ணன் குவைத்திலிருந்து லீவில் வரும்போது கொண்டுவந்த கேசட்டுகளில் கேட்ட பாட்டுகள்தான். அப்போது தாளம் மட்டும்தான் பிடிபட்டது. அந்த வேகத்தில் ஒரு வார்த்தையும் விளங்காது. இப்போது பேரன் யூடியூப்பில் வரிகளோடு போட்டுக் கொடுத்திருக்கிறான். 1994இல் 'காதலன்' வந்தபோது 'பேட்டை ராப்' என்று பெஞ்சைத் தட்டித் தள்ளினீர்களே, அதைவிட இருபது வயது மூத்த கதை இது.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கில் பிராங்ஸ் என்ற பகுதி. செட்விக் அவென்யூவில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டிடம். சிண்டி கேம்பெல் என்ற பெண், பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க, அங்கே ஒரு பார்ட்டி வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் டிக்கெட். இசைத்தட்டு போட்டது அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க், வயது 18. பாட்டில் தாளம் மட்டும் வரும் இடத்தில் கூட்டம் நன்றாக ஆடுவதைக் கவனித்த பையன் அவன். ஒரே இசைத்தட்டு இரண்டை வாங்கி, மாற்றி மாற்றி ஓட்டி, அந்த இடத்தையே நீட்டினான். அந்தத் தாளத்தின் மேல் மைக்கில் பேசிப் பேசித்தான் ராப் வளர்ந்தது.

அதே பிராங்ஸில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தொழிற்கல்விப் பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். தட்டை எந்த இடத்துக்குத் திருப்ப வேண்டும் என்று தெரிய, அதன்மேல் கிரேயானால் கோடு போட்டுக்கொண்டார். படிப்பு எங்கே உதவும் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி நான் சொல்லவந்த விஷயம். 1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' வந்தது. பாடியவர்கள் சுகர்ஹில் கேங் என்ற மூன்று பேர். முழுப் பாட்டு 14 நிமிடத்துக்கும் மேல். ராப் என்ற ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது இதனால்தான். ஆனால் அதில் பிக் பேங்க் ஹேங்க் பாடிய வரிகள் அவருடையவை அல்ல. பிராங்ஸைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவரின் நோட்டிலிருந்து வந்தவை. காஸுக்கு 'கசனோவா ஃபிளை' என்று ஒரு மேடைப் பெயர் உண்டு. அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் வரியைக்கூட மாற்றாமல் ஹேங்க் அப்படியே பாடியிருக்கிறார்! பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும்போது அவன் பெயரையும் சேர்த்து எழுதிவைக்கும் விடைத்தாள்கள் எத்தனை திருத்தியிருக்கிறேன்!

அந்தப் பாட்டின் மெட்டு 'ஷிக்' என்ற குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டிலிருந்து எடுத்தது. அந்தக் குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் தொழில் தெரிந்தவர்கள். வழக்குப் போடுவோம் என்றார்கள். பாடலாசிரியர்களாக அவர்கள் பெயர் ஏறியது. நோட்டுக்காரர் காஸின் பெயர் ஏறவில்லை. இருவர் பொருளும்தான் எடுக்கப்பட்டது. கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு மிகவும் பிடித்தது 1982இல் வந்த 'தி மெசேஜ்'. கொண்டாட்டம் இல்லை, ஏழைகள் வாழும் தெருவின் கஷ்டத்தைச் சொல்லும் பாட்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002இல் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஐம்பதில் இதுவும் ஒன்று. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் பெயரில் வந்தாலும், பெரும்பகுதியை எழுதியவர் டியூக் பூட்டி என்கிற எட்வர்ட் ஃபிளெட்சர். பின்னாளில் அவர் என்ன ஆனார் தெரியுமா? ஆசிரியர்! பள்ளியில் பாடம் நடத்தி, பிறகு சவானா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் கற்பித்து, 2021இல் காலமானார். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்ம ஆள் அல்லவா!

ஏன் இவ்வளவும் எழுதுகிறேன் என்றால், உங்களில் ஒருவன் போன மாதம் எனக்கு எழுதியிருந்தான். அவன் எழுதிய பாட்டை ஒரு குறும்படத்தில் போட்டுவிட்டார்களாம். பெயர் போடவில்லை. "விடுங்க டீச்சர், பாட்டு நாலு பேர் காதுக்குப் போச்சே, அது போதும்" என்கிறான். போதாது தம்பி. கூச்சப்படாமல் கேள். பணம் தராவிட்டால் பரவாயில்லை, பெயர் போடச் சொல். இனி எழுதுவதையெல்லாம் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு வை.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாவில் பிள்ளை எழுதிய பாட்டைப் பாடவைத்தால், மைக்கில் அந்தப் பிள்ளையின் பெயரை முதலில் சொல்லுங்கள். முழுப் பெயரும் இனிஷியலோடு.

எல்லாரும் நன்றாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்