நீ போட்டுக்கிட்டியா தாயி?

எச்.பி.வி. பத்தி நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். கருப்பை வாய்ப் புற்றுநோயில் பத்துக்கு ஏழு, இந்த வைரஸின் 16, 18 வகைகளால் வருது. அதைக் கண்டுபிடிச்ச ஜெர்மன்காரர் ஹரால்ட் ஸுர் ஹவுசெனுக்கு 2008-ல் நோபல். வைவாவில் இதைச் சொல்லி எக்ஸாமினரையே தலையாட்ட வெச்சவ நான். ஆனா பாருங்க, அந்தத் தடுப்பூசியை மட்டும் போட்டுக்கலை!

ஹவுஸ் சர்ஜனா ஓ.பி.யில் உட்கார்ந்த மூணாவது வாரம் வசமா மாட்டினேன். ஓர் அம்மா, கூடவே எட்டாவது படிக்கிற பொண்ணு. 'இந்த வயசுல ரெண்டு டோஸ் போதும்மா, போட்டுடுங்க'ன்னு மூச்சு விடாம லெக்சர் கொடுத்தேன். பொறுமையா கேட்டுட்டு, "நீ போட்டுக்கிட்டியா தாயி?"ன்னாங்க. பொண்ணும் என்னையே பார்க்குது.

"போட்டாச்சும்மா."

கூசாம வந்துச்சு பொய். ராத்திரி சோறு இறங்கலை. மெஸ்ஸில் எங்க டேபிளில் விசாரிச்சேன். எட்டு பேரில் போட்டவ ஒருத்திதான். அவ அம்மா டாக்டர். மத்தவங்க சொன்ன காரணம் இருக்கே... "கல்யாணம் ஆகட்டும், பார்க்கலாம்." அடியே, வைரஸ் தொத்துறதுக்கு முன்னாடி போட்டாத்தான் முழுப் பலன்னு பரீட்சையில் எழுதினது யாரு? "நம்ம வயசுக்கு மூணு டோஸ், ஒண்ணு ரெண்டாயிரம்." இது நியாயம். 2023-ல் நம்ம நாட்டு செர்வாவாக் வந்து விலை இறங்கினாலும், ஸ்டூடண்ட்டுக்கு அது பெரிய காசுதான். பக்கத்து டேபிள் பையன், "அது லேடீஸ் ஊசிப்பா"ன்னான். தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய்க்கும் இதே வைரஸ் காரணமாகலாம், செர்வாவாக்குக்கு ஆண்களுக்கும் அனுமதி உண்டுன்னதும் சாம்பார் சாதத்தை ரொம்பக் கவனமா பிசைய ஆரம்பிச்சுட்டான்!

இத்தனைக்கும் ஹெபடைடிஸ் பி ஊசிக்கு முதல் வருஷமே வரிசையில் நின்னவங்கதான் நாங்க. அதுவும் உடலுறவில் பரவும். ஆனா, 'வார்டுல ஊசி குத்திட்டா வந்துடும்'னு வீட்டுல சொல்லிக்கலாம். இதுக்கு அப்படி ஒரு சாக்கு கிடையாது. டாக்டருக்குப் படிச்சும் போகாத கூச்சம் இது. எனக்கு ஸ்டைபண்ட் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்ற தைரியம்தான் வரலை.

மறுநாள் போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. 'ஏன்டி, எதுக்கு இப்ப அது?'ங்கிற கேள்விக்கு ரெடியா நின்னேன். அம்மா மெதுவா, "நானும் போட்டுக்கலாமாடி?"ன்னாங்க. அம்மாவுக்கு வயசு 50. "உனக்கு ஊசி இல்லம்மா, டெஸ்ட். கருப்பை வாயில பஞ்சால மருந்து தடவிப் பார்ப்பாங்க, அஞ்சு நிமிஷ வேலை"ன்னேன். எத்தனையோ பேருக்கு நானே எழுதிக் கொடுத்த டெஸ்ட். சொந்த அம்மாகிட்ட அன்னிக்குத்தான் வாயைத் திறக்கறேன்.

முதல் டோஸ் போட்டாச்சு. கை ஒரு நாள் வலிச்சுது. அம்மாவுக்கு அடுத்த வாரம் டெஸ்ட், நானும் போறேன். அந்த எட்டாம் வகுப்புப் பொண்ணு மறுபடி ஓ.பி. பக்கம் வந்தா நிஜத்தைச் சொல்லிடணும். இதுவரைக்கும் வரலை.